ஈன்ற பூனையைக் குட்டிகளோடு வீட்டுக்குள் இடம் மாற்றுவது எப்படி?

பூனை குட்டி போடட்டும் என்று கூடத்து மூலையில் பெட்டி வைத்து, துணி விரித்து, தயாராக இருந்திருப்பீர்கள். அதுவோ பரணேறிப் போய், பித்தளை அண்டாவுக்கும் சுருட்டி வைத்த பாய்க்கும் நடுவில் ஈன்றிருக்கும். பீரோவின் அடித்தட்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்னாலுள்ள சந்து, மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் சாக்குக் குவியல் என்று பூனை தேர்ந்தெடுக்கும் இடங்கள் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். இருட்டாக, நெருக்கமாக, யார் காலும் படாமல். அந்த இடம் நமக்குத் தோதாக இருக்குமா என்று அது யோசிப்பதில்லை.

குட்டிகளைத் தூக்கி எங்கே வேண்டுமானாலும் நாம் வைத்துவிடலாம். அங்கே இருப்பதா, திரும்பத் தூக்கிக்கொண்டு போவதா என்பதைத் தாய்தான் முடிவு செய்யும். அதனால் இந்த வேலையில் முக்கால் பங்கு, தாயின் சம்மதத்தை வாங்குவதுதான். முதன்முறையாகப் பூனை வளர்ப்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். குட்டிகள் மேலேயே கண்ணாக இருந்துவிட்டுத் தாயை மறந்துவிடுவார்கள்.

தொடங்கும் முன் இரண்டு நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனிதர் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது ஒன்று. உங்களிடம் பழகிய பூனை, உங்கள் வாசனை பட்டதற்காகக் குட்டியை விட்டுவிடாது. ஆனால் ஓயாத தொந்தரவு, சத்தம், வந்து வந்து எட்டிப்பார்க்கும் கூட்டம் ஆகியவற்றால் மிரண்டுபோன தாய் குட்டிகளை விட்டு விலகக்கூடும். பூனை ஏழு வீடு மாற்றும் என்பது இன்னொன்று. ஏழு என்பது கணக்கல்ல, ஆனால் அதைச் சொன்னவர்கள் பூனையைக் கவனித்துப் பார்த்தவர்கள். படுக்கை நாறினாலும், எறும்பு வந்தாலும், அந்நிய வாடை அடித்தாலும் தாய் இடம் மாற்றும். எதுவும் நடக்காவிட்டாலும் குட்டிகள் மூன்று நான்கு வாரம் ஆகும்போது அதுவாகவே ஒருமுறை மாற்றுவதுண்டு.

மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடை, இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். பீரோவின் அடித்தட்டில் இருக்கிறதா? பட்டுப்புடவைகளை மெல்ல உருவி எடுத்துவிட்டு, ஒரு பழைய வேட்டியை விரித்து, கதவு தானாக மூடிக்கொள்ளாதபடி கயிற்றால் கட்டிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு அது போதும். நம் வசதிக்காக ஒரு தாயைக் கலைக்கக் கூடாது.

மாற்றியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. பரண் முதலாவது. குட்டிகள் மூன்றாவது வாரத்தில் தவழ்ந்து விளிம்புக்கு வந்துவிடும், அங்கிருந்து விழுந்தால் பலத்த அடிபடும். அதோடு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் காங்கிரீட் பரண் சித்திரை, வைகாசியில் அடுப்பாகக் கொதிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இன்னும் மோசம். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், இன்வெர்ட்டர் பேட்டரியின் பக்கம், வாஷிங் மெஷினின் அடி, பைக் நிறுத்துமிடம், மழைச்சாரல் அடிக்கும் பால்கனி, கடுவன் பூனையோ தெருநாயோ நுழையக்கூடிய இடம், எறும்புப் புற்றுக்கு அருகில் உள்ள மூலை ஆகிய இடங்களிலும் தாமதிக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் கடுவன் பச்சைக்குட்டிகளைக் கொன்றுவிடுவது நடப்பதுதான். அதைத் தாயால் எப்போதும் தடுக்க முடியாது.

எப்போது மாற்றுவது?

ஆபத்து இருந்தால் அந்தக் கணமே. இல்லையென்றால் ஈன்ற முதல் இரண்டு நாட்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். முதல் நாளில் குட்டிகள் குடிக்கும் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சத்து இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வரைதான் உண்டு. அந்த நேரத்தில் தாயைக் கலைத்தால் பால்குடி தடைப்படும். அவசரம் இல்லாதவர்கள் ஒரு வாரம் பொறுத்தால் இன்னும் நல்லது. தாய் தேறியிருக்கும், குட்டிகளின் எடையும் கூடியிருக்கும். ஆனால் மூன்று வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். குட்டிகள் நடமாடத் தொடங்கிவிட்டால் பழைய இடத்துக்குள் அவைகளே போய் ஒளிந்துகொள்ளும்.

ஒரு நாளில் பகல் உணவுக்குப் பிந்தைய நேரம் ஏற்றது. வீடு அடங்கியிருக்கும். தாயும் வயிறு நிறைந்து நிதானமாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும்.

புது இடம்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மாற்றுவதற்கு மூன்று நாள் முன்பே புது இடம் தயாராக இருக்கட்டும்.

கதவு சாத்தக்கூடிய ஒரு சிறிய அறை வேண்டும். ஸ்டோர் ரூம், அதிகம் புழங்காத படுக்கையறை ஏதாவது ஒன்று. ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, தரைவரை தொங்கும்படி போர்வையால் மறைத்தால் போதும். டிவி, மிக்சி, காலிங் பெல் ஆகியவற்றின் சத்தம் எட்டாத பக்கமாகப் பாருங்கள். பூஜை அறையின் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தி வாடையும் வரக் கூடாது.

பெட்டி, தாய் காலை நீட்டிப் படுத்துப் பால் கொடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். நீளம் 60 செ.மீ., அகலம் 45 செ.மீ. இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் குட்டிகள் தாயை விட்டு மூலைக்கு உருண்டுபோய்க் குளிரில் கிடக்கும். டேபிள் டாப் கிரைண்டரோ சிறிய டிவியோ வந்த அட்டைப்பெட்டியை அளந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் வாசல் வெட்டும்போது தரையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு அட்டையை விட்டுவிட்டு மேலே வெட்டவும். தாய் தாண்டிக் குதிக்கும், குட்டியால் முடியாது. மேற்புறம் பாதியை மூடிவையுங்கள். தாய்க்கு வேண்டியது அந்த அரையிருட்டுதான்.

விரிப்புக்கு அடியில் நான்கைந்து மடிப்பு செய்தித்தாள், அதன் மேல் பழைய வேட்டி அல்லது நைந்த பருத்திச் சேலை. துணியைத் தளர்வாகப் போடாமல், மடித்து ஓரங்களைச் செருகி, சமதளமாக விரிக்க வேண்டும். சுருக்கத்துக்குள் குட்டி புகுந்துகொண்டால் தாய் தெரியாமல் அதன் மேல் படுத்துவிடும். பூத்துவாலை வேண்டாம். அதன் நூல் வளையத்தில் குட்டிகளின் நகம் மாட்டும். ஓரம் பிரிந்து நூல் தொங்கும் துணியும் வேண்டாம், அந்த நூல் காலைச் சுற்றி இறுக்கிவிடும்.

எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம் காயாத தொப்புள்கொடிக்கும் பால் வாடைக்கும் எறும்பு வரிசையாக வரும். கண் திறக்காத குட்டியால் நகர்ந்து தப்பிக்க முடியாது. எறும்பு சாக்பீஸ் போடாதீர்கள், அது பூச்சிமருந்து. தாயின் காலில் ஒட்டி, அது நக்கும்போது வயிற்றுக்குள் போகும். தாயின் உணவுக் கிண்ணத்தை நீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள். எறும்பு அதிகமுள்ள வீடானால், கண் திறக்கும் வரை பெட்டியை ஒரு சாண் உயரமுள்ள அகலமான பலகையின் மேல் வைத்து, பலகையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பாட்டிமார் நெய் ஜாடிக்கும் வெல்லத்துக்கும் செய்த அதே வழி இங்கேயும் கைகொடுக்கும்.

தரையைத் துடைக்கப் பினாயிலோ டெட்டாலோ பயன்படுத்த வேண்டாம். இவற்றிலுள்ள பினாலிக் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. சாதாரண சோப்புத் தண்ணீரால் கழுவி, வெறும் நீரால் இருமுறை துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பீரோவில் போடும் அந்துருண்டையும் பூனைக்கு நஞ்சு. அந்த அறையில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். கொசுவர்த்தியும் கொசு மருந்துத் திரவமும் வேண்டாம், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. பிறந்த குட்டிக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அந்தத் திறன் வர மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் இதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களிலும் வெந்நீர் பாட்டிலைத் தடித்த துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரே ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி விலகிப் போக மறுபக்கம் இருக்க வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகவே கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். ஆளுக்கொரு மூலையில் பரவிக் கிடந்து கத்தினால் புழுங்குகிறது. மின்விசிறி சுழலலாம், அதன் காற்று நேராகப் பெட்டிக்குள் விழக் கூடாது.

மலம் கழிக்கும் மணல் தட்டைப் பெட்டியிலிருந்து எட்டியும், உணவையும் தண்ணீரையும் அதற்கு எதிர்மூலையிலும் வையுங்கள்.

தாயைப் பழக்குதல்

புது அறைக்குள் தாய் தானாக வந்துபோக வேண்டும். அதற்கு எளிய வழி, அதன் சாப்பாட்டை அங்கே மாற்றுவதுதான். மீனோ வேகவைத்த கோழியோ, அது விரும்புவது எதுவோ அதை அந்த அறையில் மட்டும் கொடுங்கள். முதல் நாள் வாசலோரம், அடுத்த நாள் பெட்டிக்கு அருகில். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டியிருக்கும் என்பதால் பசி அதைக் கூட்டிவரும். அதன் முகத்தைத் தேய்த்துத் தடவிக்கொடுக்கும் துணியைப் புதுப்பெட்டியில் போட்டுவையுங்கள். தன் வாடை ஏற்கெனவே அங்கே இருந்தால் அந்த இடத்தின் மேல் அதற்குச் சந்தேகம் குறையும்.

அது பெட்டிக்குள் நுழைந்து, மோந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துப் பார்த்துவிட்டதென்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாற்றும் நேரம்

1. ஒரே ஆள் செய்யுங்கள். தாய் யாரிடம் அதிகம் ஒட்டுதலாக இருக்கிறதோ அவர். மற்றவர்கள் வேறு அறைக்குப் போய்விடட்டும். வீட்டில் நாய் இருந்தால் வெளியே கட்டிவிடுங்கள்.

2. வாசனை இல்லாத சோப்பால் கைகழுவித் துடைத்துவிட்டு, தாயைத் தடவிக்கொடுங்கள். அதன் வாடை உங்கள் கையில் ஏறட்டும். அது காதை மடக்கி, வாலை விசிறி, சீறினால் அன்று வேண்டாம். மறுநாள் பாருங்கள்.

3. ஆழமில்லாத கூடையிலோ பிளாஸ்டிக் டப்பிலோ துணி விரித்து, தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். ஒளித்து எடுக்காதீர்கள். தாய் பிடரியைக் கவ்வித் தூக்குவதைப் பார்த்து நாமும் அப்படித் தூக்கக் கூடாது. உள்ளங்கையில் வயிற்றைத் தாங்கி, மறுகையால் அணைத்து எடுக்க வேண்டும். எத்தனை குட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். துணிமடிப்பில் ஒன்று தங்கிப்போவது எளிதில் நடந்துவிடும்.

4. அவற்றின் அடியில் இருந்த பழைய துணி எவ்வளவு அழுக்காக இருந்தாலும் அதில் ஒரு துண்டைக் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாடைதான் அவற்றுக்கு வீடு. துவைத்த துணியை இரண்டு நாள் கழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

5. கூடையைத் தாயின் மூக்கு உயரத்தில், தரையை ஒட்டி மெல்ல நகர்த்திக்கொண்டு போங்கள். குட்டிகள் கத்தும், தாய் பின்னாலேயே வரும். வராவிட்டால் நின்று, அது மோந்து பார்க்கவிட்டு, மறுபடி நகருங்கள். கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தால் குட்டிகளைப் பறித்துக்கொண்டு போவதாகத்தான் அதற்குத் தோன்றும்.

6. அறைக்குள் போனதும் கதவைச் சாத்துங்கள். குட்டிகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, தாய்க்குச் சாப்பாட்டைக் காட்டிவிட்டு, வெளியே வந்துவிடுங்கள்.

பரணிலிருந்து இறக்குவதானால் ஏணியில் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். கீழே ஒருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும். தாய் அட்டைப்பெட்டியிலோ இழுப்பறையிலோ ஈன்றிருந்தால் உங்களுக்கு வேலை மிகக் குறைவு. பெட்டியோடு, குட்டிகளோடு, அப்படியே ஓரிரு அடி நகர்த்தி, அரைநாள் விட்டு, மறுபடி நகர்த்தி அறைக்குக் கொண்டுவந்துவிடலாம். மிரளும் சுபாவமுள்ள பூனைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

உள்ளே வந்து ஈன்ற தெருப்பூனையானால் கதவைச் சாத்தி அடைக்காதீர்கள். அடைபட்ட பதற்றத்தில் அது உங்களைப் பிறாண்டும், அல்லது குட்டிகளை விட்டு ஓடும். அதற்கு நகர்த்தும் முறையும், வேளை தவறாத சாப்பாடும், நீங்கள் தள்ளியே இருப்பதும்தான் பலன் தரும்.

எந்தப் பூனையாக இருந்தாலும், கடித்தோ பிறாண்டியோ தோல் கிழிந்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. நம் வீட்டுப் பூனைதானே என்று விடக் கூடாது.

முதல் ஒரு நாள்

அறைக் கதவு ஒரு நாள் முழுக்கச் சாத்தியே இருக்கட்டும். சாப்பாடு, தண்ணீர் வைக்கவும் மணல் தட்டைச் சுத்தம் செய்யவும் மட்டும் போய் வாருங்கள். தாய் கதவருகே வந்து கத்தும், அறையைச் சுற்றிச் சுற்றி வரும். இது இயல்பு. சற்று நேரத்தில் குட்டிகள் கத்தும் சத்தமே அதைப் பெட்டிக்குள் இழுக்கும். பச்சைக்குட்டிகள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்க வேண்டும். அதற்குள் தாய் படுத்துப் பால் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது. கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தாலே தெரியும். கத்தல் அடங்கி, தாயின் குர்குர் சத்தம் கேட்கும்.

இதற்குள் பழைய இடத்தை அடைத்துவிடுங்கள். துணிகளை எடுத்துத் துவைத்து, பரண் கதவைப் பூட்டி, சந்தில் ஒரு பலகையைச் செருகி, தாய் உள்ளே போக வழியில்லாமல் செய்யுங்கள். பலரும் மறந்துபோவது இதைத்தான். பழைய இடம் திறந்து கிடந்தால் அறைக்கதவு திறந்த மறுநிமிடம் முதல் குட்டி அங்கே போய்விடும்.

திரும்பத் தூக்கிக்கொண்டு போனால்

கோபப்படாதீர்கள், துரத்தாதீர்கள். வாயில் குட்டியோடு ஓடும் தாயைத் துரத்தினால் குட்டி கீழே விழும். அது எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று தொலைவில் நின்று பாருங்கள். எல்லாக் குட்டிகளும் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்றும் பாருங்கள். பாதி அங்கும் பாதி இங்குமாக விட்டுவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

பிறகு, புது இடத்தில் அதற்கு என்ன பிடிக்கவில்லை என்று யோசியுங்கள். வெளிச்சம் அதிகமா? எறும்பு வந்ததா? பக்கத்து வீட்டுக் கடுவன் ஜன்னலில் வந்து உட்கார்ந்ததா? பெட்டியின் மேற்புறம் திறந்திருக்கிறதா? பிள்ளைகள் ஒளிந்துவந்து பார்த்தார்களா? குறையைச் சரிசெய்து இன்னொருமுறை முயலுங்கள். அதற்குப் பிறகும் அது ஒரே இடத்துக்குத்தான் போகிறதென்றால், அது கேட்கும் இடத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டுதான் அதற்கு வேண்டுமென்றால், அதிலிருக்கும் சாமான்களை வேறு இடத்துக்கு மாற்றி, அந்தத் தட்டையே பெட்டியாக்குங்கள். மாறி மாறி இழுத்தடித்தால் தாய் களைக்கும், பால் குறையும், குட்டிகள் சோர்ந்துவிடும். நமக்கு ஓர் அலமாரித் தட்டு இல்லாமல் போவது பெரிய இழப்பில்லை.

மாற்றிய பின் கவனிக்க வேண்டியவை

சமையலறைத் தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் குட்டிகளை எடை போடுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் குட்டி, நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரே நிறத்தில் இருந்தால் வாலில் ஒரு முடிக்கற்றையைச் சிறிது கத்தரித்து அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் முழுக்க எடை கூடாத குட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டிக்கு உடனே பாலூட்டாதீர்கள். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். முதலில் உங்கள் வயிற்றோடு துணிக்குள் அணைத்து மெதுவாகச் சூடேற்றி, பிறகு தாயின் காம்பில் விடுங்கள். தாய் அடியோடு மறுத்துவிட்டால் கடையில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால் பவுடரைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். அதோடு, மூன்று வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் குட்டியால் சிறுநீரும் மலமும் கழிக்க முடியும். தாய் இல்லாதபோது வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அந்த இடத்தை நாம்தான் மெல்லத் தடவிவிட வேண்டும்.

தாயின் மடி சிவந்து, சூடாகி, கல்லாக இறுகினால் பால்கட்டு. தாய்க்கு உடம்பு நடுங்கி, நடை தள்ளாடி, மூச்சிரைத்தால் அது சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும், இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. உங்கள் ஊரில் இரவில் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதை இடம் மாற்றுவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு முதல் பதினான்கு நாட்களில் குட்டிகள் கண் திறக்கும். நாமாக இமையைப் பிரிக்கக் கூடாது. நான்காவது வாரம் பெட்டியின் வாசல் அட்டையைத் தாழ்த்தி வெட்டிவிட்டு, விளிம்பு தாழ்ந்த தட்டில் மணல் வையுங்கள். குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயது அது, அதனால் கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வேண்டாம். அறைக்கதவையும் அந்த வாரமே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடலாம். தாய்க்கும் குட்டிகளுக்கும் பூச்சிமருந்து கொடுப்பது எப்போது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் போட வேண்டியிருக்கும்.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குட்டிகள் பால்குடி மறக்கும் வரை தாயை வெளியே விடாமல் வைத்திருங்கள். எட்டாவது வாரத்தை ஒட்டிப் பால் வற்றியதும் கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டுவிடுங்கள்.